மெங் டீச்சர் மொழிபெயர்த்த வாக்கியம்

1

இந்தக் கதையைத் தேடிக்கொண்டு நான் எங்கும் போகவில்லை. காலையில் சூப் குடிக்கப் போனேன், அவ்வளவுதான். லுவோயாங்கில் காலையில் மாட்டிறைச்சி சூப் குடிக்காதவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். வந்த புதிதில் முகத்தைச் சுளித்த நானே இப்போது வரிசையில் முன்னால் நிற்பவரை முறைக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். அன்று எனக்கு எதிரே மெங் யுன்ஃபாங் வந்து உட்கார்ந்தார். நானும் அந்த அம்மாவும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டபடி, போன ஏப்ரலில் வகுப்பில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லச் சிரித்தார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூப்பில் மிளகாய் அதிகம் என்றார்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு கூட்டுப் படிப்புத் திட்டத்தில். இங்கே உள்ள ஒரு பல்கலைக்கழகமும் அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. பிள்ளைகள் லுவோயாங்கை விட்டு நகராமலே இரண்டு நாட்டுப் பட்டத்தையும் வாங்கிக்கொள்ளலாம். பெற்றோருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஒரே ஒரு நிபந்தனை: முக்கியப் பாடங்களில் மூன்றில் ஒன்றை அமெரிக்கத் தரப்பு ஆசிரியர்தான் நடத்த வேண்டும். நான் அமெரிக்கத் தரப்பு. சொந்த ஊர் நாசரேத், கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். ஆனால் சம்பளம் நெப்ராஸ்காவிலிருந்து வருகிறது, ஆகவே நான் அமெரிக்கன். என்னைப் போன்ற அமெரிக்கர்கள் போதாமல் போனதால்தான் இந்தக் கதையே நடந்தது.

[முதல் பிரதியில் இந்த இடத்தில் கூட்டுக் கல்வியின் வரலாறு இரண்டு பக்கத்துக்கு இருந்தது. படித்துப் பார்த்த என் மனைவி, “நீ கதை எழுதுறியா, கையேடு எழுதுறியா?” என்றாள். கிழித்துவிட்டேன்.]

2

எப்படி ஆரம்பிப்பது என்று ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் ஆரம்பம்: ‘ஏப்ரல் மாதம். லுவோயாங் முழுவதும் பியோனிப் பூக்கள் கொத்துக் கொத்தாக —’

வேண்டாம். பூவில் ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன். ஆனால் பூவைச் சொல்லாமலும் இருக்க முடியாது. திட்டத்தைச் சோதிக்க வரும் மதிப்பீட்டுக் குழு பூப் பூக்காத மாதத்தில் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

இரண்டாவது ஆரம்பம்: ‘விமானம் தரையிறங்கியபோது பேராசிரியர் வெண்டல் பிராட் ஜன்னல் வழியாக —’

இதுவும் வேண்டாம். விமானத்தில் வந்து இறங்குகிறவர் கையில் கதையைக் கொடுத்தால், கதை தன்னுடையது என்றே அவர் நினைத்துக்கொள்வார். [இந்த வரியை எழுதிவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. கதையின் விஷயமே அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.]

மூன்றாவது ஆரம்பம்: ‘மெங் யுன்ஃபாங் நடத்தும் பாடம் மெங் யுன்ஃபாங்கின் பாடம் அல்ல.’

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

மெங் யுன்ஃபாங் நடத்தும் பாடம் மெங் யுன்ஃபாங்கின் பாடம் அல்ல. பாலமும் கட்டடமும் ஏன் விழாமல் நிற்கின்றன என்று சொல்லித்தரும் பாடம் அது. கால அட்டவணையில் ‘ஆசிரியர்: வெண்டல் பிராட்’ என்று இருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுத் தேடினால் தெரிகிற மாதிரி, ‘உதவி: மெங் யுன்ஃபாங்’. வெண்டல் பருவத் தொடக்கத்தில் ஒரு வாரமும் முடிவில் ஒரு வாரமும் நெப்ராஸ்காவிலிருந்து வந்து போவார். நடுவில் இருக்கிற மாதங்கள் அத்தனையும் மெங்தான். பாடம் அவர், பரீட்சை அவர், மதிப்பெண் குறைந்த பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்பதும் அவர் அறை வாசலில்தான்.

இதில் அவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் இதுதான். முழுப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால், முக்கியப் பாடத்தைத் தன் சொந்தப் பெயரில் நடத்தியிருக்க வேண்டும். ‘உதவி’ கணக்கில் வராது. அவரிடம் படித்துவிட்டு வேறு ஊருக்குப் போன பையன் ஒருவன் முழுப் பேராசிரியர் ஆகி, போன வருஷம் சிறப்பு விருந்தினராக இங்கே வந்து பேசினான். மேடையில் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தது இணைப் பேராசிரியர் மெங்.

நான் ஏதோ ஆறுதலாக, பதவியில் என்ன இருக்கிறது, பிள்ளைகளின் அன்பு இருக்கிறதே என்று இழுத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“தத்துவமெல்லாம் எங்கிட்ட பேசாதீங்க. எனக்கு அது வேணும். என் ரூம் கதவுல ‘இணை’ன்னு எழுதியிருக்கறதைப் பாத்துப் பாத்து வயிறு எரியுது. பூட்டைத் திறக்கறப்போ கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கறேன்.”

அந்த வசந்தத்தில் துறை ஒரே ஒருவர் பெயரைச் சிபாரிசு செய்யலாம். மெங் தன் மேலதிகாரியான டைரக்டர் காவிடம் போய்ப் பேசினார். காவ் நல்ல மாதிரியாகத்தான் பதில் சொன்னார்.

“மெங் டீச்சர், குழு வந்துட்டுப் போகட்டும். திட்டம் தப்பிச்சா உங்க பேரை நானே எழுதி அனுப்புறேன்.”

“எந்தப் பாடத்தை வெச்சு அனுப்புவீங்க? என் பேர்லதான் பாடமே இல்லையே.”

காவ் தேநீர்க் குடுவையின் மூடியைத் திறந்து, மிதந்த இலைகளை ஊதி ஒதுக்கினார். ஒதுக்கி முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. அதுதான் பதில் என்று புரிந்துகொண்டு மெங் எழுந்து வந்துவிட்டார்.

ஆக, முடிச்சு இப்படி விழுந்திருக்கிறது. பாடம் நடத்துவது மெங் என்று குழுவுக்குத் தெரிந்தால் மூன்றில் ஒரு பங்குக் கணக்கு உடைந்துவிடும். திட்டத்தை மூடுவார்கள். பிள்ளைகளின் அமெரிக்கப் பட்டம் காற்றில் போகும். வெண்டல்தான் நடத்துகிறார் என்று குழு நம்பினால் திட்டம் பிழைக்கும், மெங் ஆயுளுக்கும் ‘உதவி’. நம்ப வைக்க வேண்டிய பொறுப்பும் மெங்கின் தலையில். அந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு நன்றாக அவர் காணாமல் போவார்.

4

இந்தப் பகுதியில் டைரக்டர் காவைப் பற்றி நிறைய எழுதியிருந்தேன். ஆகஸ்டில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே,

5

வெண்டல் பிராட்டைப் பற்றி எனக்கே ஒரு தயக்கம் உண்டு. இந்த மாதிரிக் கதையில் வருகிற அமெரிக்கர் ஒன்று அசடாக இருக்க வேண்டும், இல்லை அடுத்தவர் உழைப்பைத் தின்கிறவராக இருக்க வேண்டும். வாசகருக்கும் அதுதான் வசதி. வெண்டல் இரண்டுமில்லை. ஆள் கதவை அடைக்கிற மாதிரி இருப்பார், குரல் மட்டும் தாழ்ந்து வரும். டம்ப்ளிங் கொழுக்கட்டையை எங்களைவிட அதிகமாக வினிகரில் முக்கிச் சாப்பிடுவார். யாராவது இருமினால் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பார். அவரைக் கெட்டவராக்க நான் மூன்று பக்கம் முயற்சி செய்தேன். முடியவில்லை. மாத்திரையை நீட்டிக்கொண்டே நிற்கிறார்.

ஆனால் ஒரு விபரீதம் நடந்திருந்தது. முதல் முறை கிளம்பும்போது, சீனப் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்க மாட்டார்கள், வற்புறுத்தாதே என்று நெப்ராஸ்காவில் அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனுஷர் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். வருவார், கரும்பலகையை நிரப்புவார், ‘இது பரீட்சைக்கு வரும், எழுதிக்கொள்ளுங்கள்’ என்பார், போவார். எங்கள் ஊர்ப் பழைய வாத்தியார்கள் பார்த்திருந்தால் கட்டித் தழுவியிருப்பார்கள். இதே சமயத்தில் மெங்கைப் பயிற்சிக்கென்று நெப்ராஸ்காவுக்கு ஒரு பருவம் அனுப்பினார்கள். அவர் அங்கே குழு விவாதத்தையும் கேள்வி கேட்கும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டு திரும்பினார். ஒரே வகுப்பறையில் ஒரு அமெரிக்கர் சீன முறையிலும் ஒரு சீனர் அமெரிக்க முறையிலும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாடும் இதற்குத்தான் ஒப்பந்தம் போட்டன என்றால் ஒப்பந்தம் அமோக வெற்றி.

குழு வருகிறது என்று வெண்டலை இந்த முறை நடுப் பருவத்திலேயே வரவழைத்திருந்தார்கள். குழுவுக்கோ அமெரிக்கப் பாணியைப் பார்க்க வேண்டும். ஆக மெங், அமெரிக்கருக்கு அமெரிக்கராக இருக்கக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தார். பலகையைப் பார்த்துப் பேசக் கூடாது. பெஞ்சுகளுக்கு நடுவே உலாத்த வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு மேஜை விளிம்பில் ஒரு பக்கமாக உட்கார வேண்டும். வெண்டல் உட்கார்ந்தார். மேஜை முனகியது.

“நான் எதுக்கு மேஜை மேல உக்காரணும்?”

“அமெரிக்கப் பேராசிரியர்கள் உக்காருவாங்க. நான் பாத்திருக்கேன்.”

“எங்க துறையில உக்காந்தா தலைவர் திட்டுவாரு.”

“இது உங்க துறை இல்ல, வெண்டல். அங்க நீங்க எப்படி வேணா இருந்துக்கோங்க. இங்க அமெரிக்கரா இருங்க.”

6

இப்போது கை விஷயம். இதைச் சொல்லாமல் கதை நகராது.

வகுப்பைப் பார்க்க வெளியாள் வந்தால், ஆசிரியர் கேள்வி கேட்டதும் மொத்த வகுப்பும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் ஆசிரியருக்கு மானக்கேடு. ஆனால் எல்லோருக்குமா பதில் தெரியும்? அதற்குத்தான் ஏற்பாடு. தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. ஆசிரியர் வலது கைகளை மட்டும் எழுப்புவார். இங்கே பிள்ளைகள் சிறு வகுப்பிலேயே இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டி மூலையில் வைப்போமே, அந்த மாதிரி.

வெண்டலிடம் மெங் இதை விளக்கியபோது அவர் நெற்றியைச் சுருக்கினார். இது ஏமாற்று இல்லையா என்று கேட்டார்.

“உங்க ஊர்ல ஃபுட்பால் ஆடுறப்போ ஓரமா நின்னு குதிக்கிறாங்களே பொண்ணுங்க, அவங்க என்ன பந்தையா எறியறாங்க? உற்சாகத்துக்குத்தானே. இதுவும் அதுதான்.”

வெண்டலுக்கு இது நியாயமாகப் பட்டது. மெங் அவர் பக்கத்தில், மேடை மேல், காலி பெஞ்சுகளைப் பார்த்து நின்றுகொண்டார். தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தப் பக்கத்துக் கை. இதை மட்டும் கூப்பிடுங்க.” வெண்டலும் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்து, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டார்.

[பிரதியைப் படித்த நண்பர்கள் இங்கே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவனின் வலது கை நமக்கு இடப்பக்கம் வரும் என்பது பொறியியல் பேராசிரியர்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா? தெரியும் ஐயா. மெங்குக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. சின்ன வயதிலிருந்து எதிர் வரிசையில் உட்கார்ந்து கை தூக்கி, பிறகு இந்தப் பக்கம் நின்று கைகளைப் பார்த்துப் பழகியவர். மூச்சு விடுவதை யாருக்காவது சொல்லித் தருவோமா? வெண்டலோ முந்தின நாள்தான் விமானத்திலிருந்து இறங்கியவர். தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தது. காட்டிய பக்கத்தை அப்படியே மனதில் முடிந்துகொண்டார்.]

7

அன்று குழுத் தலைவர் ஷுவே மட்டும் இந்த வகுப்புக்கு வந்தார். மற்றவர்கள் அலுவலகத்தில் கோப்புப் பார்க்கிறார்கள் என்று சொன்னார்கள். பூ பார்க்கிறார்கள் என்றும் சொன்னார்கள். ஷுவே பாலம் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர், ஒல்லியான கிழவர். அவர் படித்த காலத்தில் அந்நிய மொழி என்றால் ரஷ்ய மொழிதான். ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. வகுப்போ ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆகவே கடைசி வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். ‘உதவி’க்கு வேறென்ன வேலை? மெங் உட்கார்ந்தார். கதவருகே டைரக்டர் காவ், குடுவையோடு.

வெண்டல் பலகையில் முக்கோணம் முக்கோணமாகக் கம்பிகள் கோத்த ஒரு பாலத்தை வரைந்தார். மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். இந்தப் பாலத்தில் சுமையே தாங்காத கம்பி ஒன்று இருக்கிறது, அது எது என்று கேட்டார்.

[சுமை தாங்காத கம்பி யார் என்று நீங்கள் கணக்குப் போட ஆரம்பித்திருப்பீர்கள். சத்தியமாக நான் வைக்கவில்லை. பாடத்திட்டத்தில் அந்த வாரம் அதுதான். அதோடு மெங் எல்லாச் சுமையையும் தாங்குகிறவர், பொருந்தவும் இல்லை. விட்டுவிடுங்கள்.]

வகுப்பு முழுக்கக் கை எழுந்தது. பார்க்கக் கண் கொள்ளாக் காட்சி. ஷுவே ஏதோ குறித்துக்கொண்டார். வெண்டல் தனக்கு மனப்பாடமான பக்கத்தைப் பார்த்தார். நியூ போ என்ற பையன் இடது கையைக் கூரையை முட்டுகிற மாதிரி தூக்கியிருந்தான். கூப்பிட மாட்டார்கள் என்ற நிச்சயத்தில் வருகிற தைரியம் அது. வெண்டல் அவனைக் கூப்பிட்டார்.

நியூ போ எழுந்தான். தன் கையைப் பார்த்தான், வெண்டலைப் பார்த்தான், திருதிருவென்று விழித்தான். பின் வரிசையில் மெங் அவன் தூக்கியது எந்தக் கை என்று பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எழுந்து போய்த் திருத்தவும் முடியாது.

“தெரியாது சார்” என்றான் நியூ போ.

வேறு ஆசிரியராக இருந்தால் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவனுக்குத் தாவியிருப்பார். வெண்டல் தாவவில்லை. பையனுக்குப் பதில் தெரியும் என்று அவருக்குத்தான் உறுதியாகத் தெரியுமே! பாவம், கூச்சப்படுகிறான் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டு, அவசரமில்லை, சொல்லு என்று காத்திருந்தார். மேஜை மேல் காலை ஆட்டிக்கொண்டே காத்திருந்தார்.

“என்ன சொல்றான்?” என்று ஷுவே கேட்டார்.

“யோசிக்கிறான்” என்று மெங் மொழிபெயர்த்தார்.

“யோசிக்கிற முகமா அது? பேயைப் பாத்த முகமா இருக்கே.”

வெண்டல் அசைவதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நியூ போ வாயைத் திறந்தான். அவனுடைய ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி வந்தது. “எனக்கு நிஜமாவே தெரியாது சார். ஆனா ஒண்ணு. சுமையே தாங்காதுன்னா அதை எதுக்கு அங்க வெச்சாங்க? இரும்பு என்ன சும்மாவா கெடைக்குது?”

வகுப்பு சிரித்தது. வெண்டலுக்கு ஒரே சந்தோஷம். என்ன அருமையாக நடிக்கிறான் என்று நினைத்தார். இதற்கு யார் பதில் சொல்கிறீர்கள் என்றார். மறுபடி எல்லாக் கையும். மறுபடி அதே பக்கம். இந்த முறை து சியாவ்யான் என்ற பெண். எனக்கும் தெரியாது, ஆனால் அதை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே என்றாள். வெண்டல் எழுந்து, அவள் குத்துமதிப்பாகக் காட்டிய ஒரு கம்பியைப் பலகையில் அழித்தார். பாலம் விழவில்லை. மூன்றாவது கை ஒன்று, லாரி ஏறினால் பக்கத்து நீளக் கம்பி வளைந்துவிடாதா என்றது. நாலாவது கை, அதெல்லாம் வளையாது என்று சண்டைக்கு வந்தது. பதில் தெரிந்த பிள்ளைகள் வலது கையைத் தூக்கித் தூக்கிக் கை கடுத்துப்போய், மனம் நொந்து உட்கார்ந்திருந்தார்கள். தெரியாதவர்களே அடித்துக்கொண்டு, வரைந்து, அழித்து, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள்: அந்தக் கம்பி சுமை தாங்கவில்லை, ஆனால் அது இல்லையென்றால் சுமை தாங்குகிற கம்பி நெளிந்துபோகும்.

இதற்குள் மெங் மழுப்புவதை விட்டுவிட்டிருந்தார். தெரியாது என்றால் தெரியாது என்றே காதில் சொல்லிக்கொண்டிருந்தார். போன பருவம் முழுக்க அவர் அந்தப் பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கேட்டது இதைத்தான். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, ஆனா சொல்லிட்டு உக்காந்துடாதே. அவர்கள் இப்போது உட்காரவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. இந்த வகுப்பு என்னுடையது என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. ‘அவள் மனதில் ஒரு பாலம் —’ இல்லை, இப்படியெல்லாம் எழுத மாட்டேன். கத்த வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

8

வகுப்பு முடிந்ததும் ஷுவே எழுந்து நின்றார். மாணவர்களும் எழுந்தார்கள். அவர் சீனத்தில் பேசினார். எத்தனையோ கல்லூரிகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன், சோதிக்க வந்தவன் முன்னால் ஒரு பிள்ளை தெரியாது என்று சொல்லிக் கேட்டதில்லை, இன்றைக்குத்தான் கேட்டேன் என்றார். கதவருகே காவ் முகம் பியோனி மாதிரி விரிந்தது. [பூ வந்துவிட்டது. மன்னிக்கவும்.] பிறகு ஷுவே வெண்டலைப் பார்த்துக் கேட்டார்.

“இந்தப் பிள்ளைங்களை இப்படிப் பேச வெச்சது எப்படி? பழக்கறதுக்கு உங்களுக்கு எவ்வளவு காலம் ஆச்சு?”

மெங் இதை ஆங்கிலத்தில் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வெண்டலிடம் சொன்னார். இதற்கும் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ‘இரு தரப்பும் சேர்ந்து உழைத்தோம்’ என்று வெண்டல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் வசனம். வெண்டல் வாயைத் திறந்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கழுத்து வரை சிவந்துபோனார்.

“நானா? நான் வந்துட்டுப் போறவன். பலகையில எழுதிப் போட்டதைத் தவிர இவங்களுக்கு நான் ஒண்ணும் செய்யல. இவங்களைப் பழக்கினது உங்க பக்கத்துல நிக்கிறாங்களே, மெங், அவங்கதான். இது அவங்க வகுப்பு. ஆரம்பத்துலேர்ந்தே அவங்க வகுப்புதான்.”

ஆங்கிலத்தில்தான் சொன்னார். அறையில் அது புரியாத ஒரே ஆள் ஷுவே. காவுக்கு அரைகுறை ஆங்கிலம், ஆனால் இந்த அளவுக்குப் புரிந்தது. தேநீர் புரையேறியது. ஷுவே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மெங்கின் பக்கம் திரும்பினார்.

இந்த இடத்தில் சூப் கடையில் மெங் வெண்டலைப் பற்றிச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“நல்ல மனுஷன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உண்மையைச் சொல்றது அவருக்கு ஓசி. சொல்லிட்டு விமானம் ஏறிடுவாரு. அதைச் சீனத்துல சொல்றவளுக்குத்தான் செலவு. அந்தச் செலவை என் கையில குடுத்துட்டு, நன்றியா ஒரு பார்வை வேற பாக்கறாரு.”

9

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் மெங் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்க்கிறார். ஷுவே அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். கதவில் பெயர்ப் பலகை மாறுகிறது. எழுதி முடித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது, அந்த வகுப்பிலிருந்து நியூ போ என்னைப் பார்த்தான். சார், என் பட்டம் என்னாச்சு என்றான். கிழித்தேன்.

இரண்டாவது முடிவில், ‘இரு தரப்பும் சேர்ந்து உழைத்தோம் என்கிறார்’ என்று மெங் சொல்கிறார். ஷுவே தலையாட்டிக் குறித்துக்கொள்கிறார். இரண்டு மொழியும் தெரிந்த முப்பது பிள்ளைகள் தங்கள் ஆசிரியர் தன் பெயரைத் தானே அழிப்பதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். உண்மையைப் பேசு என்று பருவம் முழுக்கச் சொன்னவர் அவர். இதையும் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

மூன்றாவது முடிவில், ஷுவேவுக்கு முதலிலிருந்தே ஆங்கிலம் தெரியும். இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். பேசாமல் மேலே போவோம்.

அங்கேயே வேலை பார்க்கிறாயே, என்ன நடந்தது என்று தெரியாதா என்பீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். திட்டம் இன்னும் நடக்கிறது. மெங்கின் கதவில் இன்னும் ‘இணை’ என்றுதான் இருக்கிறது. அப்படியானால் பொய்தான் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். கிழவர் உண்மையைக் கேட்டும், பிள்ளைகளுக்காகக் காதில் போட்டுக்கொள்ளாமல் போயிருக்கலாம். பதவி உயர்வோ இங்கே உண்மை சொன்னவருக்கும் கிடைத்ததில்லை, பொய் சொன்னவருக்கும் கிடைத்ததில்லை, வாயே திறக்காதவருக்கும் கிடைத்ததில்லை.

வெண்டலைக் கேட்டேன். மெங் ஏதோ சொன்னார், அந்தப் பெரியவர் மெங்கை ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு எழுதினார், எனக்குத்தான் சீனம் தெரியாதே என்றார். மாணவர்களைத் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். “மெங் டீச்சர் சரியாத்தான் மொழிபெயர்த்தாங்க” என்றான் நியூ போ. து சியாவ்யானும் அதையே சொன்னாள். கேட்ட அத்தனை பேரும் அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. நன்றாகப் பழக்கியிருக்கிறார். டைரக்டர் காவை நான் கேட்கவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

மெங்கைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவர் கிண்ணத்தைத் தூக்கி மிச்ச சூப்பைக் குடித்தார்.

“எழுதப் போறீங்கல்ல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன சொல்லியிருப்பேன்?”

“உள்ளதைச் சொல்லியிருப்பீங்க” என்றேன்.

“அப்போ பிள்ளைங்க?”

“சரி, மாத்திச் சொல்லியிருப்பீங்க.”

“அப்போ நான்?”

அவர் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

10

ஆகவே நீங்கள் கொஞ்சம் எழுந்து அந்தக் கடைசி வரிசைக்கு வாருங்கள். மெங் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். ஷுவே உங்களைப் பார்க்கிறார், பேனா தாளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வெண்டல் நல்லது செய்துவிட்ட முகத்தோடு சிரிக்கிறார். உங்கள் பெயர் இந்த அறையில் முதல் தடவையாக ஒருவர் வாயால் உரக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. அது உங்களுக்கு வேண்டும், வெகு நாளாக வேண்டும். எதிரே உங்கள் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

“என்ன சொல்றாரு?” என்று ஷுவே கேட்கிறார்.

சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தெரியும்.